கெட்டுப்போகாத ஏசி

பாண்டித்துரைக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும், அப்புறம் பேச்சு நின்றுவிடும். சத்தம் போடுகிற ஆள் இல்லை. துபாயில், கராமாவில் அவனோடு ஒரே ரூமில் இருந்த கீழக்கரை முகம்மது ரிபாய், "காது செவந்திருச்சு, எல்லாரும் தள்ளிப் படுங்கப்பா" என்பான். போன வருஷம் முழுக்க அந்தக் காது சிவந்தேதான் இருந்தது. காரணம் ஒரு பெண் என்று அவனே பின்னால் என்னிடம் சொன்னான். அவள் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பொய்.

கமுதிக்குத் தெற்கே சின்னக் கிராமம் அவனுக்கு. ஐடிஐ படித்துவிட்டு துபாய்க்கு வந்தவன், கட்டடப் பராமரிப்புக் கம்பெனி ஒன்றில் ஏசி டெக்னீசியன். முப்பத்து மூன்று வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அம்மா வாட்ஸ்அப்பில் பெண்களின் போட்டோ அனுப்புவாள். அவன் மூக்கைச் சொல்லியோ உயரத்தைச் சொல்லியோ தட்டிவிடுவான். ஆள் லட்சணமாக இருப்பான். அது அவனுக்கும் தெரியும். மெஷினைத் திட்டிக்கொண்டே வேலை செய்வது அவன் பழக்கம். எல்லாம் அதில்தான் ஆரம்பித்தது.

ஆகஸ்ட் மாதம். துபாய் மரினா பக்கத்தில் ஒரு உயரமான கட்டடம், முப்பத்தோராவது மாடியில் ஏசி ஓடவில்லை என்று புகார். கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது இருக்கும். கூந்தலை உச்சியில் சுருட்டி ஒரு பென்சிலைக் குத்தியிருந்தாள். கழுத்தில் ஈரத்துண்டு. முதலில் இங்கிலீஷிலும் அப்புறம் ஹிந்தியிலும் பேசினாள். இவன் "அச்சா மேடம்" என்று ஏணியை விரித்து மேலே ஏறி, சீலிங் மூடியைத் தள்ளினான். அடைத்துக்கிடந்த அழுக்குத் தண்ணீர் மொத்தமும் அவன் முகத்தில் கொட்டியது. இந்த வீட்டில் யாருக்குத் தமிழ் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் அந்த மெஷினின் அம்மா, பாட்டி, அதைச் செய்தவனின் வம்சம் எல்லாவற்றையும் கமுதித் தமிழில் இழுத்துப் போட்டான்.

கீழே வெடித்துச் சிரிக்கும் சத்தம்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க, ப்ளீஸ்" என்றாள் அவள், தமிழில்.

அவள் பெயர் ஜெஸி. அப்பா தேவசுந்தரம் நாகர்கோவில் பக்கத்திலிருந்து பல காலம் முன்பே வந்து துபாயில் பெயரெடுத்த டாக்டர். ஜெஸி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து கொடுக்கும் சொந்த ஆபீஸ் வைத்திருந்தாள். கல்யாணமாகி, விவாகரத்தும் ஆகி, தனியாக இருந்தாள். வீட்டிலும் சர்ச்சிலும் கேட்ட தமிழ்தான் அவள் தமிழ். "இப்படி ஒரு தமிழ் இருக்குன்னு எனக்கு யாருமே சொன்னதில்ல" என்றாள். பாண்டித்துரை அழுக்குத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏணியில் நின்றபடி மன்னிப்புக் கேட்டான். அவள் கழுத்தில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

அடுத்த வாரமே மறுபடி புகார். போய்ப் பார்த்தால் ஏசியில் ஒரு குறையும் இல்லை. காபி கொடுத்தாள், நின்றுகொண்டே குடித்தான். மூன்றாவது முறை, சுவரில் இருக்கும் தெர்மோஸ்டாட் செத்துக்கிடந்தது. திறந்தால் உள்ளே பேட்டரி இல்லை.

"பேட்டரி எங்க மேடம்?"

"அதுல பேட்டரி எல்லாம் இருக்குமா?" என்று அவள் கண்ணை விரித்தாள். அவள் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. உள்ளே இரண்டு பேட்டரியும் ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம் அவனுக்கு நன்றாகக் கேட்டது. உள்ளங்கையை நீட்டினான். அவள் ஒன்றை எடுத்து வைத்தாள். பிறகு இன்னொன்றை வைத்தாள். கையைத் திரும்ப எடுக்கவில்லை.

தொடங்கியது அவள். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் பின்னால் கராமாவில் வேறு மாதிரிப் பேசியவர்கள் உண்டு. ஏழைப் பையன் பணக்காரியை வளைத்துப் போட்டான் என்று கதை கட்ட நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அவள் காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வருவாள். மத்தியானம் அவர்களுடையது. கண்ணாடிச் சுவர் முழுக்க வெயில் அடிக்கும். திரை போட மாட்டார்கள், அவ்வளவு உயரத்தை எவன் எட்டிப் பார்க்கப்போகிறான்? அவனை இப்படி யாரும் ஆசைப்பட்டதில்லை. வெல்டிங் தீ பட்டு முழங்கையில் இருந்த தழும்பை அவள் உதட்டால் அளப்பாள். அவன் விரல்களை மோந்து, "செம்புக் கம்பி வாசனை" என்பாள். கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லித்தரச் சொல்லி, அதை அவள் சர்ச்சில் ஜெபம் சொல்வதுபோல் அழுத்தம் திருத்தமாகச் சொல்ல, அவன் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்துப் புரளுவான். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் அவன் மேல் ஏறிப் படுத்திருப்பாள். அவளுக்கு வெட்கம் கிடையாது. அவனுக்கு இருந்தது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி வைக்க அவள்தான் கற்றுக்கொடுத்தாள்.

ஒன்றை மட்டும் கழற்ற முடியவில்லை. யூனிஃபார்ம்.

"கீழ செக்யூரிட்டி கேள்வி கேப்பான். யூனிஃபார்ம்லயே வா. டூல் பேக்கையும் எடுத்துட்டு வா" என்று அவள் சொல்லியிருந்தாள். லீவு நாளில் யூனிஃபார்மில் சுற்றுவது கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும். ஆனாலும் போட்டான். கனமான பையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் நின்று, குப்பைத் தொட்டிகளோடும் வீடு மாற்றும் யாரோ ஒருவருடைய வாஷிங் மெஷினோடும் சர்வீஸ் லிஃப்டில் ஏறிப் போவான். நடைவழிக் கேமராவுக்காக அவள் கதவைத் திறந்து, இன்றைக்கு என்ன பிரச்சினை என்று இங்கிலீஷில் சத்தமாகக் கேட்பாள். கதவு சாத்தியதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்காது. நீலச் சட்டையின் பொத்தான்களை அவளே கழற்றுவாள். ஆரம்பத்தில் அது விளையாட்டு.

விளையாட்டில் சிக்கலும் வந்தது. எதிர் வீட்டு எகிப்துக்காரர் இவனை அடிக்கடி பார்த்துவிட்டு, ஒருநாள் வழியிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "யல்லா, வா, அஞ்சு நிமிஷம், என் ஏசியையும் பார்." உள்ளே இருப்பவளை நினைத்து உடம்பெல்லாம் தீயாக நின்றவன், அந்தப் பெரியவர் வீட்டில் ஏணி மேல் ஏறி ஃபில்டரைக் கழுவினான். அவர் பேரீச்சம்பழம் கொடுத்து, பேரப்பிள்ளைகள் போட்டோவெல்லாம் காட்டித்தான் விட்டார். ஜெஸியின் கதவுக்கு வந்தபோது அவள் ஆறிப்போன சாப்பாட்டுக்கு முன்னால் கோபமாக உட்கார்ந்திருந்தாள். காரணத்தைச் சொன்னதும் தரையில் விழுந்து சிரித்தாள். "இந்த பில்டிங்லயே மோசமான ஏசி என்னுதுதான்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க!"

அவனும் சிரித்தான். ஆனால் திரும்பி வரும்போது, லிஃப்டில் பக்கத்தில் குப்பைப் பை நாற, அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் பிறந்தநாளன்று புதுச் சட்டை எடுத்தான். பையில்லாமல், யூனிஃபார்ம் இல்லாமல், முன்பக்க லிஃப்டில் ஏறிப் போய் மணி அடித்தான். திறந்தவள் முகத்தில் ரத்தம் இல்லை. "யாராவது பாத்தாங்களா?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. சட்டையை அவள் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு அவன் கேட்டான்: "நீங்க ஏன் என்னைய நீன்னு கூப்பிடுறீங்க?"

"நீயும் என்னை நீன்னு கூப்பிடேன்!" என்றாள் அவள், வெகு சுலபமாக.

அவன் முயன்று பார்த்தான். வாய்க்குள் வந்தது, வெளியே வரவில்லை. கட்டிலில் கூட 'நீங்க'தான் வந்தது. அவள் மேல் வந்த கோபத்தைவிடத் தன் நாக்கின் மேல் வந்த கோபம்தான் அவனைத் தூங்கவிடவில்லை.

ஒருநாள் வெளியே போகலாம் என்று அவன் பிடிவாதம் பிடித்தான். கராமாவில் ரிபாய் கேஷியராக இருக்கும் ஹோட்டலுக்கு அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். பரோட்டாவைப் பிய்த்து சால்னாவில் முக்கி, விரலை நக்கிச் சாப்பிட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அப்போது ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே வந்து, "ஹே ஜெஸி!" என்றார்கள். சர்ச்சில் தெரிந்தவர்கள்.

ஜெஸி கண்ணாடியைக் கழற்றினாள். "இந்தப் பக்கம் ஒரு ஒர்க் சைட் பாக்க வந்தேன். இவர்... எங்க வீட்டுக்கு ஏசி சர்வீஸுக்கு வர்றவர். இங்க நல்லா இருக்கும்னு காட்டினார்" என்றாள். வந்தவர்கள் அவனைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, உட்கார இடம் தேடுவதுபோல் அவன் நாற்காலியைப் பார்த்தார்கள். ஜெஸியும் அவனைப் பார்த்தாள். எழுந்திரு என்று கண் சொன்னது.

பாண்டித்துரை தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனான். மிச்சப் பரோட்டாவை அங்கே உட்கார்ந்து தின்றான். அந்த மூன்று பேரும் சிரித்துப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே தின்றான். கல்லாவிலிருந்து ரிபாய் பார்த்துக்கொண்டிருந்தான். ராத்திரி ரூமில் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அவன் செய்த உதவி.

அதற்குப் பிறகு ஜெஸியின் போனை அவன் எடுக்கவில்லை. மெசேஜைப் படிக்கவில்லை. இரண்டு ஞாயிறு ரூமிலேயே கிடந்தான். அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். எத்தனை யோசித்துப் பார்த்தாலும் அந்தக் காரியத்துக்கு என்னால் சமாதானம் கண்டுபிடிக்க முடியவில்லை. கம்பெனிக்கு போன் போட்டு, ஏசி குளிரவில்லை, ஏற்கெனவே வந்த அதே டெக்னீசியனைத்தான் அனுப்ப வேண்டும் என்று புகார் கொடுத்தாள். சூப்பர்வைசர் வேலையை அவன் பெயரில் போட்டான். போகாமல் இருக்க முடியுமா? காதலி கூப்பிட்டால் மறுக்கலாம். கஸ்டமர் கூப்பிட்டால் டியூட்டி.

போனான். காது எரிந்தது. "என்னைய வேலைக்காரனா கூப்பிட்டு வரவைக்கிறீங்க" என்றான், பையைத் தரையில் போட்டு.

"வேற என்ன செய்ய? நீ போனே எடுக்கல!" அவள் அழுதாள். அன்றைக்குச் சொன்னது தப்பு, பயந்துவிட்டேன், நீ இல்லாமல் முடியவில்லை என்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கைகள் அவனுக்குப் பழக்கம். உடம்பு கோபத்துக்குக் கட்டுப்படவில்லை. திட்டிக்கொண்டேதான் அணைத்தான், அவளும் திட்டிக்கொண்டேதான் இழுத்தாள். அன்றைக்கு நடந்ததில் அன்பு எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியாது.

அப்போது அவள் போன் அடித்தது. எடுத்துப் பேசியவள் பதறினாள்: "அண்ணன்! கீழ நிக்கிறான், மேல வர்றான்!"

லிஃப்ட் மேலே வந்துசேர ஆகும் நேரத்துக்குள் பாண்டித்துரை பேன்ட்டில் ஒரு காலை மாட்டி, தடுக்கி விழுந்து, எழுந்து, சட்டைப் பொத்தானை ஏறுமாறாகப் போட்டு, ஏணியில் ஏறிச் சீலிங்குக்குள் தலையை விட்டுவிட்டான். இடுப்புக்குக் கீழேதான் வீட்டுக்குள் இருந்தது. பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும்.

அவள் அண்ணன் ரெனீஷ் உள்ளே வந்தான். ஏணியில் தெரிந்த கால்களை ஒருமுறை பார்த்தான். பிறகு அங்கே யாருமே இல்லாத மாதிரி சோபாவில் உட்கார்ந்து, அவளுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். பஹ்ரைனில் குதைபியா ஏரியாவில் சொந்த கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர், மனைவியை இழந்தவர், நல்ல குடும்பம், அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. "நம்ம ஸ்டேட்டஸுக்குச் சரியா இருக்கும். உனக்கும் இது ரெண்டாவது, ரொம்ப யோசிக்காத" என்றான்.

ஜெஸி, "பாக்கலாம்ணா" என்றாள்.

"இந்த ஆள் தமிழா? நாம பேசுறது புரியுமா?"

"தெரியல" என்றாள் ஜெஸி.

சீலிங்குக்குள் பாண்டித்துரை இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒரு மாதிரி வேர்வை நாத்தம் அடிக்குது. இவங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குப் போகாது. ரூம் ஸ்ப்ரே எதுவும் இல்லையா?" என்றான் ரெனீஷ்.

அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு உஸ்ஸென்று சத்தம். மறுபடி ஒரு உஸ். லாவண்டர் வாசனை ஏறி வந்து அவன் முகத்தில் அடித்தது. அடித்தவள் ஜெஸி. அந்த வேர்வையில் பாதி அவளுடையது.

இறங்கினான். வேலை முடிந்தால் கஸ்டமர் கம்பெனி ஆப்பில் விரலால் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு நட்சத்திரம் கொடுக்க வேண்டும். போனை நீட்டினான். ஜெஸி கை நீட்டவில்லை. ரெனீஷ் போனை வாங்கி, "ரொம்ப ஸ்லோ" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நட்சத்திரம் கொடுத்தான்.

துபாய்க்கு வந்த ஒன்பது வருஷத்தில் பாண்டித்துரை வாங்கிய மிகக் குறைந்த மார்க் அது. எனக்கு இதைச் சொல்லும்போது இந்த இடத்தில்தான் அவன் சிரித்தான். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு.

"ஏசி நல்லாத்தான் இருக்கு சார். இனிமே கெட்டுப்போகாது" என்றான் தமிழில்.

ரெனீஷ் நிமிர்ந்தான். "ஓ, தமிழா?"

"ஆமா சார். எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவளைக் காட்டிக்கொடுக்க ஒரு வார்த்தை போதும். ஜெஸி சுவரோடு சாய்ந்து, கையில் இன்னும் அந்த ஸ்ப்ரேயைப் பிடித்தபடி நின்றாள். அவன் அந்த வார்த்தையை விழுங்கினான். நல்லவன் என்பதால் இல்லை; அவளுக்காக ஒரு வார்த்தை கூடச் செலவழிக்கக் கூடாது என்ற வெறி. முன்பக்க லிஃப்டுக்கு நடந்தான். நாய்க்குட்டியோடு நின்ற ஒரு வெள்ளைக்காரி நகர்ந்து இடம் விட்டாள். கீழே நேபாளி செக்யூரிட்டி ஓடி வந்து, "பாய், சர்வீஸ் லிஃப்ட்!" என்றான்.

"சர்வீஸ் கலாஸ், பாய். எல்லாம் முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஜெஸி கராமாவுக்கே வந்துவிட்டாள். அவன் ரூமுக்குக் கீழே, லாண்டரிக் கடை வாசலில் நின்று ஆள் அனுப்பினாள். கறுப்புக் கண்ணாடி இல்லை. இறங்கி வந்தான்.

"நான் எல்லாம் யோசிச்சுட்டேன்" என்றாள். "உன் பேர்ல சின்னதா ஒரு ஏசி கம்பெனி ஆரம்பிக்கலாம். நான் பாத்துக்கறேன். இங்கிலீஷ் கிளாஸ் போ. ஒரு வருஷம். அப்புறம் அப்பா முன்னாடி உன்னைக் கூட்டிட்டுப் போறேன். அப்ப யாரும் எதுவும் சொல்ல முடியாது."

"என்னையவே சர்வீஸ் பண்ணி எடுக்கப் பாக்குறீங்களா?"

"துரை, புரிஞ்சுக்க..."

"மூடியைக் கழட்டி, அழுக்க எடுத்து, கழுவித் தொடச்சு, ஒங்க அப்பா முன்னாடி நிறுத்துவீங்க. இப்ப இருக்குற ஆளு படுக்க மட்டும் போதும். அப்படித்தான?"

அவளுக்கும் கோபம் வந்தது. தெருவில் ஆள் போவதைப் பார்க்காமல் கத்தினாள். "எல்லாத் தப்பும் என்மேலதானா? நீ என்னைப் பத்தி உங்க அம்மாகிட்ட சொல்லிட்டியா? டைவர்ஸ் ஆனவ, உன்னைவிட வயசு கூட, கிறிஸ்டியன். சொன்னியா? நான் ஒளிச்சு வச்சேன்னா நீயும்தான ஒளிச்சு வச்ச?"

அவன் சொல்லியிருக்கவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதுகூட இல்லை. "எங்க அம்மா ஒங்க மேல ஸ்ப்ரே அடிக்காது" என்றான்.

"சொல்லிப் பாரு. அப்புறம் தெரியும்" என்றாள் ஜெஸி. காரை எங்கேயோ தூரத்தில் நிறுத்தியிருந்தாள். அதுவரை நடந்தே போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு கத்தாருக்குப் போனான். ராஸ் லஃபானில் கேஸ் பிளான்ட் கேம்ப்களுக்கு ஏசி பார்க்கும் வேலை. கட்டில் கட்டிலாக ஆண்கள் தூங்கும் அறைகள். யாரும் பேட்டரியைப் பிடுங்கி வைத்துக்கொள்வதில்லை. ஜெஸி அந்தப் பல் டாக்டரைக் கட்டவில்லை என்று ரிபாய் மூலம் கேள்விப்பட்டான். அதில் சந்தோஷப்பட்டதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான்.

லீவில் ஊருக்குப் போனபோது அம்மா ஒரு பெண் பார்த்து வைத்திருந்தாள். ஜோதிமணி, அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. பெரியவர்கள் கீழே பலகாரம் தின்ன, இவர்கள் இரண்டு பேரையும் மாடியில் பேசவிட்டார்கள். காயப்போட்ட சேலைகளுக்கு நடுவில் நின்று அவள் நேராகக் கேட்டாள்: "அங்க யாரையும் பழகுனீங்களா?"

வேறு எவளாக இருந்தாலும் இல்லை என்றிருப்பான். அவள் கேட்ட விதம் பொய் சொல்ல விடவில்லை. தெர்மோஸ்டாட்டிலிருந்து ஸ்ப்ரே வரை எல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரல் ஏறியது.

ஜோதிமணி எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, "எனக்கு வேணாங்க" என்றாள்.

"பழகுனதுக்காகவா?"

"இல்ல. ஒங்க மேல தப்புன்னு நான் சொல்லல. ஆனா இவ்ளோ கோவம் இருக்குன்னா அது இன்னும் முடியல. இன்னொருத்தி மேல இருக்குற கோவத்துக்கு நான் காலம்பூராச் சோறாக்கிப் போட முடியாது."

கீழே இறங்கிப் போய், பிடிக்கவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அந்தக் குடும்பத்தைத் திட்டினாள். "மாடியில அப்படி என்னடா பேசுன?" என்று பிடுங்கி எடுத்தாள். கடைசியில் வீட்டு வாசலுக்கு வந்ததும் அவன் அம்மாவிடமும் ஜெஸியைப் பற்றிச் சொன்னான். வேண்டுமென்றேதான் சொன்னான்.

அம்மா ஆரம்பித்தாள். "வேதக்காரியா? அறுத்துவிட்டவளா? ஒன்னயவிட மூத்தவளா? அவ நம்ம வாசப்படியில கால வச்சா வெளக்கமாத்தாலயே அடிப்பேன்!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. துபாயில், லாண்டரிக் கடை வாசலில் நின்று ஒருத்தி இதை அப்படியே சொல்லியிருந்தாள்.

லீவு முடியுமுன்பே டிக்கெட்டை மாற்றிக்கொண்டு கத்தாருக்குத் திரும்பினான். போய்ச் சேர்ந்ததும் ரிபாய்க்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னான்.

"இப்ப யாரு மேலடா கோவம்? ஜெஸி மேலயா, அவ அண்ணன் மேலயா, ஒங்க அம்மா மேலயா?" என்று ரிபாய் கேட்டான்.

பாண்டித்துரை யோசித்தான். "அந்த ஜோதிமணி சொன்னது சரிதான்டா" என்றான். "அதுதான் இன்னும் கோவமா வருது."